ஒப்பீட்டுக் கோட்பாட்டுத் தாள்: திரெந்தின் ஏழாம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள்

இறையியல் சோதனைப் பெறுபேறு வந்துவிட்டது. பிரசங்க மேடையில் நின்றால் கோயிலே அமைதியாகிக் கேட்கும் பிள்ளைகள் சிலர் இந்த ஒரு தாளில் விழுந்திருக்கிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் விழுந்த இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். மீட்பு பற்றிய கத்தோலிக்கப் போதனையைப் புரட்டஸ்தாந்து நோக்கில் மதிப்பிடும்படி கேள்வி எந்த உருவத்தில் வந்தாலும், "கத்தோலிக்கர் கிரியைகளால் இரட்சிப்பு என்று போதிக்கிறார்கள்" என்று முதற்பந்தியிலேயே எழுதிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை வசனம் அடுக்கினாலும் புள்ளி ஏறாது.

ஏன் ஏறாது? சீர்திருத்தவாதிகளுக்கு மறுமொழி சொல்லக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13இல், ஆறாம் அமர்வில், நீதிமானாக்கப்படுதல் (பாவி கடவுள் முன் நீதியுள்ளவனாவது) பற்றி வெளியிட்ட தீர்மானத்தில் 16 அதிகாரங்களும் 33 கண்டன விதிகளும் உண்டு. கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல் தன் கிரியைகளாலேயே ஒருவன் நீதிமானாகலாம் என்று சொல்பவனைத்தான் முதலாம் விதி சபிக்கிறது. "விசுவாசத்தினால் மட்டும்" என்பதைக் கண்டிப்பது ஒன்பதாம் விதி. கனபேர் ஒன்பதைப் பாடமாக்கிக்கொண்டு ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள். எதிர்த்தரப்பின் போதனையை அந்தத் தரப்பே ஏற்கும் விதமாகச் சொல்ல உங்களுக்குத் தெரியும் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இனி, இந்தத் தாளுக்கு நான் ஒரேயொரு பக்கத்தைப் படிக்கச் சொல்வதென்றால் அது ஏழாம் அதிகாரம்தான். நீதிமானாக்கப்படுதலின் ஐந்து காரணங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன:

1. நோக்கக் காரணம்: கடவுளின் மகிமை, கிறிஸ்துவின் மகிமை, நித்திய வாழ்வு.
2. செயற்படுத்தும் காரணம்: இரக்கமுள்ள கடவுள்.
3. பேற்றுக் காரணம்: கிறிஸ்து சிலுவையில் பட்ட பாடு.
4. கருவிக் காரணம்: திருமுழுக்கு.
5. உருக் காரணம் (ஒருவன் நீதிமானாக இருப்பது எதனால் என்பது): கடவுளின் நீதி, அவர் தாம் நீதியுள்ளவராயிருக்கும் நீதி அல்ல, நம்மை நீதியுள்ளவராக்கும் நீதி.

முதல் மூன்றிலும் சண்டையே இல்லை. சீர்திருத்தத் தலைவர்களான லூதரும் கல்வினும் அவற்றில் கையெழுத்து வைத்திருப்பார்கள். பிளவு நான்கிலும் ஐந்திலும்தான். கருவி திருமுழுக்கு என்கிறது திரெந்து. விசுவாசம் என்கிறது புரட்டஸ்தாந்து பக்கம். ஐந்தாவது அதைவிட ஆழமானது. கத்தோலிக்கப் போதனையில் அந்த நீதி மனிதனுக்குள் ஊற்றப்பட்டு அவனுக்குள் தங்குகிறது. புரட்டஸ்தாந்து போதனையில் அது கிறிஸ்துவின் நீதியாகவே இருந்து, விசுவாசிக்கிறவனுடைய கணக்கில் எண்ணப்படுகிறது (ரோமர் 4:3–5).

இந்த ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்து விழும். தனித்தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை.

உள்ளே இருக்கும் நீதி வளரலாம்: பத்தாம் அதிகாரமும் 24ஆம் விதியும். சாவான பாவத்தால் அதை இழக்கலாம்: பதினைந்தாம் அதிகாரம். பாவசங்கீர்த்தனத்தின் வழியாகத் திரும்பப் பெறலாம்: பதினான்காம் அதிகாரம். கணக்கில் எண்ணப்பட்ட நீதியோ முதல் நாளே முழுமையானது; வளருவதைப் புரட்டஸ்தாந்தார் பரிசுத்தமாகுதல் என்று வேறாக வைக்கிறார்கள். மீட்பின் நிச்சயம் பற்றிய தகராறும் (ஒன்பதாம் அதிகாரம்) இந்த வேரிலிருந்து வருவதுதான். தன் உள்ளத்தைப் பார்ப்பவனுக்கு முழு நிச்சயம் வராது. கிறிஸ்துவை மட்டும் பார்ப்பவனுக்கு அது வராமலிருக்க முடியாது என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். எனக்கு இந்தத் தாள் முழுவதிலும் மிகப் பெறுமதியான வரி அதுதான்.

உத்தரிக்கும் ஸ்தலத்தையும் (இறந்தவரின் ஆத்துமா விண்ணகம் சேருமுன் தூய்மையாகும் நிலை) இப்படியே எழுதுங்கள். நம் ஊரில் ஒரு கத்தோலிக்க வீட்டில் சாவு நடந்தால் ஆத்தும இளைப்பாற்றித் திருப்பலிக்குப் பெயர் கொடுப்பார்கள். புரட்டஸ்தாந்து வீட்டில் நன்றி ஆராதனை வைப்பார்கள்; இறந்தவருக்காக மன்றாடுவதில்லை. இதை வழக்க வேறுபாடாக விவரித்துவிட்டு நிறுத்தினால் பாதிப் புள்ளி. குற்றம் மன்னிக்கப்பட்ட பிறகும் தற்காலிகத் தண்டனை மிஞ்சலாம் என்கிற 30ஆம் விதியோடு கட்டினால்தான் முழுப் புள்ளி. இறந்தவர்களுக்காக மன்றாடுவதைச் சொல்லும் 2 மக்கபேயர் 12ஐ மேற்கோள் காட்டுவதானால், அந்த நூல் புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் இல்லை என்பதால், கத்தோலிக்க வேதாகமத்தின் 73 நூல்களுக்கும் புரட்டஸ்தாந்து வேதாகமத்தின் 66 நூல்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வாதம் அந்தரத்தில் நிற்கும்.

அடிக்கடி புள்ளி போகும் இடங்கள்:

- திருச்சபை வழங்கும் பலன்களை (indulgences) "பாவமன்னிப்புச் சீட்டு" என்று எழுதுவது. கத்தோலிக்கப் போதனையில் அவை பாவத்தை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்பட்ட பாவத்தின் தற்காலிகத் தண்டனையை நீக்குகின்றன. 1517இல் லூதர் எதிர்த்தது விற்பனையை மட்டும் என்று எழுதுவதும் அரைகுறைதான்.
- யாக்கோபு 2:24ஐ ஒளிப்பது. "விசுவாசத்தினால் மாத்திரமல்ல" என்ற வசனம் கத்தோலிக்கத் தரப்பின் பலமான ஆயுதம். அதை நீங்களே எடுத்து வைத்து, யாக்கோபு பேசுவது கனி கொடாத செத்த விசுவாசத்தைப் பற்றி என்ற பதிலையும் எழுதுங்கள். அன்பின் வழியாகச் செயற்படும் விசுவாசம் பற்றிய கலாத்தியர் 5:6ஐத் திரெந்தே ஏழாம் அதிகாரத்தில் எடுத்தாள்கிறது, அதையும் சேருங்கள்.
- எபேசியர் 2:8–9ஓடு நிறுத்துவது. நற்கிரியைகளைச் சொல்லும் பத்தாம் வசனம் இல்லாமல் அந்தப் பகுதி முடிவதில்லை.
- வசைபாடுவது. புரட்டஸ்தாந்துப் பத்திரிகையான உதயதாரகையும் கத்தோலிக்கப் பத்திரிகையான சத்தியவேத பாதுகாவலனும் வெளிவந்த 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் கண்டனத் துண்டுப்பிரசுரங்களுக்கு வாசகர் இருந்தார்கள். விடைத்தாளில் அந்தத் தொனிக்கு இடமில்லை.

1999 ஒக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஒக்ஸ்பர்க்கில் கைச்சாத்தான, நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டுப் பிரகடனம் கட்டாயம் வர வேண்டும். லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒப்பமிட்டன. 2006இல் மெதடிஸ்தரும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் இணைந்தன. ஆனால் "பிரச்சினை தீர்ந்தது" என்று எழுத வேண்டாம். பிரகடனம் சொல்வது, அதில் விளக்கப்பட்டபடியான போதனைக்குப் பழைய கண்டனங்கள் பொருந்தாது என்பது மட்டுமே. திருமுழுக்குப் பெற்றவனில் எஞ்சியிருக்கும் இச்சை உண்மையில் பாவமா என்பதில் இரு தரப்பும் இன்னும் வேறு வேறாகவே பேசுகின்றன. அமெரிக்காவின் மிசூரி சினட் லூத்தரன்கள் பிரகடனத்தையே ஏற்கவில்லை.

எனக்கு எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும், அதனால் என் யோசனையும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான்: ஐந்து காரணங்களையும் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள், நான்குக்கும் ஐந்துக்கும் எதிரே புரட்டஸ்தாந்து நிலைப்பாட்டையும் வசனத்தையும் குறியுங்கள். சோதனை மண்டபத்தில் முதலில் அந்த அட்டவணையைப் பென்சிலால் ஓரத்தில் போட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள். லூதரின் வாழ்க்கை வரலாற்றுக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்க வேண்டாம். அந்த இடம் உங்களுக்கு 24ஆம் விதிக்குத் தேவைப்படும்.