கிளச் வயர் ஒரே இடத்தில் அறுகிறதா? முதலில் லீவரைப் பாருங்கோ

மூன்று மாதத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு கிளச் வயர். இரண்டும் அறுந்தது லீவர் பக்க நிப்பிளின், அதாவது வயர் முனையில் இருக்கும் உலோகக் குமிழின், கழுத்தில். அறுந்த முனை விளக்குமாறு மாதிரி விரிந்து நின்றது. இழுவை தாங்காமல் ஒரேயடியாக அறுந்தது இல்லை. அது மடிந்து மடிந்து, ஒவ்வொரு இழையாகப் போனது. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதி பார்ட்ஸ் கடைகளில் கேட்டால், "தம்பி, எல்லாம் ஒரே அளவுதான், கொண்டுபோய்ப் போடும்" என்ற பதில்தான். மூன்றாவதைப் பூட்ட முதல்தான் லீவரைக் கழற்றிப் பார்த்தது.

அது வண்டிக் கொம்பனியின் லீவர் இல்லை, வெளிக் கொம்பனி லீவர். அதில் நிப்பிள் இருக்கும் துளைக்குள்ளும் பெயின்ற் அடித்திருந்தார்கள். லீவரை இழுக்கும்போது நிப்பிள் அந்தத் துளைக்குள் உருள வேண்டும். இறுகி நின்றால் உருளாது, பதிலுக்கு வயர்தான் மடியும். வயரைப் பூட்டாமல் நிப்பிளை மட்டும் போட்டு விரலால் திருப்பிப் பாருங்கோ. திரும்பாவிட்டால் எமரி பேப்பரைச் சுருட்டி பெயின்றை மட்டும் எடுங்கோ. அரத்தால் ராவித் துளையைப் பெருப்பித்தால் நிப்பிள் சரிந்து நிற்கும், பழைய கதைதான்.

அடுத்த பிழை லீவரின் தடிப்பு. பூட்டும் இடத்தைவிட ஒரு மில்லிமீற்றர் மெல்லிசு, அதனால் மேலும் கீழும் ஆடியது. வயர் போகும் லீவரின் வெட்டும், வயரின் இறுக்கத்தைத் திருத்தும் அட்ஜஸ்டரின் துளையும் ஒரே கோட்டில் வரவில்லை. பழைய வயரில் ஒரு பக்கம் மட்டும் மினுங்கிய தேய்மானக் கோட்டுக்குக் காரணம் அதுதான். லீவருக்குக் கீழே மெல்லிய வாசர் ஒன்று வைத்ததும் நேராக வந்தது. ஆணியை இறுக்கிய பிறகும் லீவர் தானாகத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் வாசர் தடிப்பு.

அட்ஜஸ்டர், அதை இறுக்கும் லொக் நட், லீவரைத் தாங்கும் பிடி மூன்றின் வெட்டுகளையும் வயர் போட்ட பிறகு ஒன்றுக்கொன்று விலத்தித் திருப்பி விடுங்கோ. நேராக விட்டால் வயர் வெளியே நழுவும், மாரி மழைத் தண்ணியும் நேரே உள்ளே இறங்கும். அட்ஜஸ்டரை அதிகம் வெளியே எடுக்கவும் கூடாது. பெரிய திருத்தத்தை எஞ்சின் பக்க நட்டில் செய்யுங்கோ.

எஞ்சின் பக்கம் கராச்சில் யாரோ வயரைத் தாங்கும் பிராக்கெற்றை வளைத்துவிட்டிருந்தார்கள், நிமிர்த்த ஐந்து நிமிடம். கிளச்சைப் பாதி இழுத்த நிலையில் கிளச் ஆமும் (எஞ்சினில் வயர் இழுக்கும் கை) வயரும் கிட்டத்தட்ட 90 பாகையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், பல்லுள்ள கிளச் ஆம் என்றால் அடையாளம் போட்டு ஒரு பல் தள்ளிப் பூட்டலாம்.

புது வயர் கொஞ்சம் நீளம். மிச்சத்தை சைலன்சர் குழாய்ப் பக்கம் தொங்கவிடக் கூடாது, கேபிள் ரையால் இறுக்கி நெரிக்கவும் கூடாது. அகலமான வளைவாக விட்டு, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கோ. லீவர் நுனியில் 10–15 மி.மீ. சும்மா ஆட்டம் (வயர் இழுபடத் தொடங்க முதல் லீவர் அசையும் தூரம்) எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறக்கூடாது. உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு.

நிப்பிளுக்குக் கிறீஸ் பூசலாம். ஆனால் உள்ளே பிளாஸ்ரிக் குழாய் போட்ட வயருக்குள் கிறீஸ் விடாதேங்கோ, எங்கட செம்மண் தூசியோடு சேர்ந்தால் அது அரைக்கிற பசைதான். ஒரு கிழமை ஓடினால் வயர் கொஞ்சம் படியும். அப்போது ஆட்டத்தை இன்னொருக்கால் அளந்து பாருங்கோ.