பழைய பிக்கப்புக்கு நானே தகரம் அடித்தது

வண்டி ஃபோர்டு எஃப்-100, 1956 மாடல். 1953-ல் வந்த அந்த உடலமைப்பில் கடைசி வருடம் மட்டும்தான் முன்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து வரும். அந்தக் கண்ணாடிக்காகவே வாங்கினேன். கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள் இரண்டும் விரலால் அழுத்தினாலே உதிர்ந்தன. அந்தக் காலத்து பிக்கப் எல்லாவற்றுக்குமே அந்த இடம் எமன். கதவு ரப்பரிலும் பின்கண்ணாடி ரப்பரிலும் கசிகிற தண்ணீர் உள்தகரத்துக்கும் வெளித்தகரத்துக்கும் நடுவே இறங்கி, அங்கே சேர்ந்திருக்கும் புழுதியோடு ஊறிக் கிடக்கும். வெளியே பெயின்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

ரெடிமேட் மூலைத் தகடு கிடைக்கிறது. வாங்கிப் போடுபவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எழுபது வருடம் அடி வாங்கி, அங்கங்கே நிமிர்த்தப்பட்ட கேபினின் வளைவும் புதுத் தகட்டின் வளைவும் அப்படியே ஒத்துப்போவது அபூர்வம். ஒத்துப்போகாத இடத்தைப் பட்டி பூசித்தான் மறைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் நானே அடித்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

முதலில் தகரத்தைத் தொடவே இல்லை. கெட்டியான காகிதத்தைக் காந்தம் வைத்து அந்த மூலையில் ஒட்டி, கையால் நீவிப் படிய வைத்தேன். சில இடத்தில் காகிதம் மிஞ்சிச் சுருங்கி நிற்கும். சில இடத்தில் போதாமல் இழுக்கும். கத்தரியால் கீறிவிட்டால் வாய் பிளக்கும். தையல்காரர் பிளீட் பிடிக்கிற கணக்குதான். காகிதம் மடிந்த இடத்தில் தகரத்தைச் சுருக்க வேண்டும், பிளந்த இடத்தில் நீட்ட வேண்டும். அதை அந்தக் காகிதத்திலேயே அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டேன். வேலை முழுக்க என் கையேடு அதுதான். வலது மூலையில் அளவெடுக்க எதுவும் மிஞ்சவில்லை. இடது பக்கக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, மேலே நல்லபடி இருந்த வளைவோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டேன்.

தகரம் 18 கேஜ் கோல்டு ரோல்டு (சூடாக்காமல் உருட்டிய) இரும்பு ஷீட், கனம் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் துருப்பிடிக்காதே என்று சிலர் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகம் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும், ஜாயின்ட்டிலும் பொத்தல் விழும். வேண்டாம்.

நீட்டுவதற்கு மணல் நிரப்பிய தோல் பையும் மரச்சுத்தியும் போதும். சுருக்குவதுதான் பாடு. ஷ்ரிங்கர் என்ற கருவியின் தாடைகள் விளிம்பைக் கவ்வி ஒன்றையொன்று நோக்கி நெருக்கும். ஒவ்வொரு கவ்வலுக்கும் விளிம்பு துளித்துளியாகக் குறுகி, தகடு தானாக உள்வளையும். அவசரப்பட்டு ஒரே இடத்தில் கவ்வினால் பல் தடம் ஆழமாகப் பதிந்துவிடும். அப்புறம் இங்கிலிஷ் வீல் என்ற இரட்டை உருளைக் கருவியில் உருட்டி மேடுபள்ளத்தைச் சமப்படுத்தலாம். கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய பருத்திக் கையுறை போட்டு உள்ளங்கையை மெதுவாக ஓட்டினால், பார்வைக்குத் தெரியாத அலை கைக்குத் தெரியும்.

எங்கே வெட்டி ஒட்டுவது என்று தீர்மானிக்கத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். துரு முடிகிற இடத்தில் வெட்டினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வெல்டிங் ஆறும்போது அந்தக் கோடு முழுக்கச் சுருங்கி உள்ளே இழுக்கும், நீளமாக ஒரு பள்ளம் விழும். அதை எடுக்க, வெல்டைத் தேய்த்துவிட்டு, பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியைப் பிடித்து முன்னால் சுத்தியால் தட்டி, சுருங்கியதை மறுபடி நீட்ட வேண்டும். பின்னால் கை நுழையாவிட்டால் பட்டிதான் கதி. அதனால் துருவுக்குக் கொஞ்சம் மேலே, டாலியோடு கை போகிற உயரத்தில் கோடு போட்டேன். கொஞ்சம் நல்ல தகரமும் போயிற்று, பரவாயில்லை.

ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் இடுக்கில் மறுபடி தண்ணீர் நிற்கும். எனவே விளிம்போடு விளிம்பு. கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மிக் வெல்டிங், 0.6 மில்லிமீட்டர் கம்பி. ஒரு பொட்டு இங்கே, அடுத்தது தள்ளி அங்கே, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே அடுத்தது. இழுத்து ஒரே கோடாகப் போட்டால் தகடு முறுக்கிக்கொள்ளும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி வைத்த பிறகுதான் இதெல்லாம்.

பின் பம்பரை எடுத்துவிட்டு, அங்கே மழமழவென்று ஒரு ரோல் பேன், அதாவது அந்த இடத்தை மூடுகிற வளைந்த தகடு, வைத்தேன். ஒரே பக்கமாக வளைகிற தகடு என்பதால் பெரிய குழாய்மேல் அமுக்கி வளைத்தாலே வடிவம் வந்துவிடும். நம்பர் பிளேட் பள்ளத்துக்கு மட்டும் மெனக்கெட வேண்டியிருந்தது. கேபின் தரைக்குத் தட்டையான ஷீட்தான். ஆனால் வெறும் தட்டையாக விட்டால் மிதிக்கும்போது டப் டப்பென்று அடிக்கும், ஆகவே பீட் ரோலர் என்ற உருளைக் கருவியில் விட்டு மேடான வரி ஓட்டினேன்.

மூலைகளின் உள்பக்கம் முழுக்க ப்ரைமருக்கு மேல் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சியாயிற்று. அடியில் இருந்த வடிகால் துளையைப் புதுத் தகட்டிலும் போட்டேன். சீலர் பூசும்போது அது அடைந்துவிடாமல் ஒரு குச்சியைச் செருகி வைத்தால் போதும்.