எல்.எம்.எஸ். 7069 வரிசை ஷண்டிங் இன்ஜின்கள்

பிரிட்டனின் டீசல் ஷண்டிங் இன்ஜின் (யார்டுகளில் ரயில் பெட்டிகளை இடம் மாற்றிச் சேர்க்கும் இன்ஜின்) என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1952 முதல் 1962 வரை 996 கட்டப்பட்ட 08 வகைதான். எனக்கோ, அதற்கு முன்னோடியான ஒரு சிறிய வரிசையின் மீதே ஈடுபாடு அதிகம். நியூகாசிலின் ஹாதார்ன் லெஸ்லி நிறுவனம், இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தி, 1934-இல் ஒரு மாதிரி இன்ஜினைக் கட்டியது. எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) ரயில்வே அதே போக்கில் 7069 முதல் 7078 வரை பத்து இன்ஜின்களை 1935, 1936 ஆண்டுகளில் பெற்றுக்கொண்டது. மாதிரி இன்ஜினும் பிறகு 7079 என்ற எண்ணோடு அதனிடமே வந்து சேர்ந்தது.

யார்டில் நீராவி இன்ஜின் வேலையின்றி நின்றாலும் நெருப்பை அணையவிட முடியாது. நிலக்கரி, தண்ணீர், சாம்பல் என்று நேரமும் வீணாகும். டீசலில் இந்தத் தொல்லைகள் இல்லை, ஓட்டுவதற்கு ஒருவரே போதும்.

ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஹம்ப் யார்டில் (மேட்டிலிருந்து வேகன்களை உருட்டிவிட்டுப் பிரிக்கும் யார்டில்) நீண்ட வேகன் வரிசையை மேட்டை நோக்கி நடைவேகத்தில் தள்ளும்போது, டீசல் எஞ்சின் தரும் மின்சாரத்தில் சக்கரங்களை ஓட்டும் டிராக்ஷன் மோட்டார் மெதுவாகச் சுழல்வதால், சுழற்சியால் உருவாகி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எதிர்மின்னழுத்தம் குறைந்து, மிகுதியான மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் சூடாகிறது. மோட்டாரோடு சேர்ந்து சுழலும் விசிறியும் அதே மந்தகதியில் சுற்றுவதால், காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கிடைப்பதில்லை. ஷண்டிங் இன்ஜினுக்குக் குதிரைத்திறனைவிட இந்தச் சூட்டைத் தாங்கும் திறனே முக்கியம் என்பது என் கருத்து.

அடுத்த வரிசையில் எல்.எம்.எஸ். அச்சு மோட்டார்களை (சக்கர அச்சோடு நேரடியாகப் பிணைந்த மோட்டார்களை) கைவிட்டு, ஒற்றை மோட்டாரும் ஜாக்ஷாஃப்ட்டும் (இணைப்புத் தண்டுகள் வழியே சக்கரங்களைச் சுழற்றும் இடைத்தண்டு) கொண்ட அமைப்புக்கு மாறியது. 1945-இல் வந்த இன்ஜின்களில் இரட்டைப் பற்சக்கரக் குறைப்புடன் (மோட்டாரின் வேகத்தை இரண்டு படிகளில் குறைக்கும் பற்சக்கர அமைப்புடன்) இரண்டு அச்சு மோட்டார்கள் மீண்டும் இடம்பெற்றன. 08 வகை பின்பற்றியதும் அந்த அமைப்பைத்தான்.

போர்க்காலத்தில் இந்த இன்ஜின்களில் பல ராணுவப் பணிக்குப் போயின. முதல் பத்தில் 7074, 7076 ஆகிய இரண்டு மட்டுமே பிரிட்டிஷ் ரயில்வேயை அடைந்து, 12000, 12001 என்ற எண்களுடன் 1960-களின் தொடக்கம் வரை உழைத்தன. அவையும் இன்று இல்லை. 1940-இல் பிரான்சில் விட்டுவரப்பட்ட 7069 மட்டும் அங்கேயே பல பத்தாண்டுகள் தப்பிப் பிழைத்து, 1987-இல் ரயில் ஆர்வலர்களின் முயற்சியால் பிரிட்டனுக்குத் திரும்பியது.