கதவு பூட்டினியா?

கொழும்பு புதுக்கடையில் நீதிமன்றத் தொகுதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் என் அறை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கணினி, போட்டோப்பிரதி இயந்திரம், முத்திரை, மை. வாசலில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன். 18 வருடமாக இதுதான் என் வேலை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பத்திரம், மரணப் பத்திரம், காணி உறுதி, பொலிஸ் அறிக்கை என்று தமிழிலும் சிங்களத்திலும் வருவதை ஆங்கிலத்தில் ஆக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்து முத்திரை குத்திக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவசரம். நாளைக்கே வேண்டும் என்பார்கள்.

இந்த வேலையில் நான் முதலில் படித்துக்கொண்டது, தாளில் உள்ளது எதையும் விடக்கூடாது என்பது. ஓரத்தில் கிறுக்கியிருந்தால் அதையும் எழுத வேண்டும். மங்கிப்போன முத்திரையை 'முத்திரை, தெளிவில்லை' என்று எழுத வேண்டும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்மானிக்கிற உரிமை எனக்கில்லை. வெட்டி ஒட்டி எழுதினால் அது மொழிபெயர்ப்பே இல்லை.

அப்படி ஒன்றையும் விடாமல் வாசித்து வாசித்துத்தான், மற்றவர்கள் தாண்டிப் போகிற கட்டங்களில் என் கண் நிற்கத் தொடங்கியது. நம் நாட்டில் பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பத்திரத்தில் பிறப்பை அறிவித்தவர் யார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அநேகமாக அதில் தகப்பன் பெயர்தான் இருக்கும். ஒருநாள் ஒரு பெண் கொண்டுவந்த பத்திரத்தில் அம்மம்மாவின் பெயரும், பக்கத்தில் 'இடது கைப் பெருவிரல் அடையாளம்' என்றும் இருந்தது. நான் அதை வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல். பள்ளிக்கூடம், அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்று எத்தனையோ இடத்தில் அந்தத் தாளை நீட்டியிருப்பா. "அம்மம்மாவோ போய்ப் பதிஞ்சவா?" என்று கேட்டுவிட்டுத் தாளைத் திரும்ப வாங்கி, அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா. எழுதத் தெரியாத ஒரு மனுசி, பச்சைப் பிள்ளையையும் தாயையும் வீட்டில் விட்டுவிட்டுப் பதிவுகாரரிடம் நடந்து போயிருக்கிறா. அதை வீட்டில் யாரும் ஒரு கதையாகச் சொல்லவில்லை. அப்புறம் நான் எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

சரி, நான் சொல்ல வந்தது 2023 தொடக்கத்தில் வந்த ஒரு பிள்ளையைப் பற்றி.

யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கத்துப் பிள்ளை. 2021 டிசம்பரில் கலியாணம். பதிவு எழுத்தும் தாலிகட்டும் ஒரே கிழமையில் முடிந்து, மூன்று கிழமையில் மாப்பிள்ளை டொரொண்டோவுக்குத் திரும்பிவிட்டார். இவ வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கி ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தா. கனடாவில் இருக்கிற கணவன் மனைவியைக் கூப்பிடுகிற விண்ணப்பக் கோவையில், இரண்டு பேரும் தொடர்பில் இருக்கிறார்கள் என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். முன்பு ஏரோகிராம் கொண்டுவருவார்கள், அல்லது சுரண்டி முடிந்த டெலிபோன் கார்ட்டுகளைக் கட்டாகக் கொண்டுவருவார்கள். இப்போது வைபர், வாட்ஸ்அப். அதுவும் 10 பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்பது கனடாவின் விதி. ஒரு வருடத்துக் கதையிலிருந்து எந்தப் பத்தைக் கொடுப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

அந்தப் பிள்ளை கொண்டுவந்த பத்துப் பக்கத்திலும் பிறந்தநாள் வாழ்த்து, காதலர் தினக் கவிதை, இதயப் படங்கள், யாரோ எழுதி எல்லாரும் அனுப்புகிற வரிகள். இரண்டு பக்கம் செய்துவிட்டு நிறுத்தினேன். பெயரை மாற்றிவிட்டால் அது எந்தச் சோடிக்கும் பொருந்தும்.

"தங்கச்சி, வேறை ஒண்டும் இல்லையோ?"

"மற்றதெல்லாம் சும்மா கதை அக்கா. சாப்பிட்டியா, படுத்தியா எண்டு. அதைப்போய் ஆருக்குக் காட்டுறது?"

கொஞ்சம் தயங்கிவிட்டு போனைத் தந்தா. நான் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போனேன்.

2022 மார்ச் கடைசி. நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்கள். 'கரண்ட் வந்ததா?' 'இன்னும் இல்லை. போன் 8 வீதம்.' 'அப்ப வை. கரண்ட் வந்தோடனை ஒரு புள்ளி மட்டும் போடு.' அதற்குக் கீழே நாலு மணித்தியாலம் கழித்து ஒரு புள்ளி. வேறு ஒன்றும் இல்லை, ஒரேயொரு புள்ளி. இன்னோர் இடத்தில் கேஸ் சிலிண்டருக்குப் பெரியப்பா வரிசையில் நிற்பது, மண்ணெண்ணெய் அடுப்பில் தோசை ஊற்றிப் புகை மணந்தது. அவர் பக்கத்தில் பனி தள்ளி முதுகு நோவது. 'சித்தாலேப பூசுங்கோ.' 'முடிஞ்சுது.' 'ஆரும் வந்தால் குடுத்து விடுறன்.' இரண்டு கிழமைக்குப் பிறகு, 'சித்தாலேப வந்து சேர்ந்தது. மூண்டு போத்தல் எதுக்கு?' 'இருக்கட்டும்.'

இவற்றுக்கு நடுவில் ஒவ்வொரு இரவும் ஒரே கேள்வி. 'கதவு பூட்டினியா?' ஒவ்வொரு இரவும் ஒரே பதில். 'ஓமப்பா, பூட்டியாச்சு.' சில நாட்களில் வெறும் 'ம்'.

நான் நேரத்தைப் பார்த்தேன். முத்திரையையும் விடாமல் பார்க்கிற பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. ஜனவரியில் அந்தக் கேள்வி இரவு 11.30க்கு வருகிறது. மார்ச் நடுவிலிருந்து 10.30. நவம்பர் முதல் ஞாயிறு தாண்டியதும் திரும்ப 11.30. ஏன் என்று கேட்டேன்.

"அங்கை கோடை காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாத்துறவை அக்கா. அவருக்கு பகல் ஒரு மணிக்குத்தான் வேலையிலை சாப்பாட்டு நேரம். அப்பதான் போன் எடுக்கலாம்."

"அப்ப நீர் அந்த ஒரு மணித்தியாலமும் முழிச்சிருக்கிறனீரோ? விடிய வகுப்பும் இருக்கே."

"அவர் கேக்காமல் எப்பிடிப் படுக்கிறது?" என்றா. பிறகு, யாரோ பக்கத்தில் நிற்பது மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "கதவை ஏழு மணிக்கே பெரியப்பா பூட்டிப்போடுவார்" என்றா.

எந்தப் பத்துப் பக்கம் என்பதை அன்று இரண்டு பேருமாக இருந்து தேர்ந்தோம். மார்ச்சில் ஒரு நாள், நவம்பரில் மணி மாறிய கிழமை, சித்தாலேபப் போத்தல்கள். வாழ்த்துப் பக்கங்களில் ஒன்றை மட்டும் அந்தப் பிள்ளை விடமாட்டேன் என்றா. வைத்தோம்.

மொழிபெயர்ப்பில் எனக்கு இரண்டு இடம் கஷ்டமாக இருந்தது. ஒன்று 'அப்பா'. நம் வீடுகளில் மனைவி கணவனை என்னப்பா என்பாள், கணவனும் மனைவியை ஓமப்பா என்பான். அப்படியே ஆங்கிலத்தில் போட்டால், கோவையைப் பார்க்கிற அதிகாரி இவள் தகப்பனோடு பேசுகிறாள் என்று நினைப்பார். மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று அடியில் விளக்கம் எழுதினேன். மற்றது 'ம்'. அகராதியில் தேடினால் அகப்படாது. ஆமாம் என்று எழுதினால் அது போதாது. வேலை முடிந்துவிட்டது, நான் இங்கேதான் இருக்கிறேன், நித்திரை வருகிறது, நீ கேட்டது நல்லது, எல்லாம் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. கடைசியில் ஒலியை அப்படியே எழுதி, 'ஆமோதிக்கும் ஒலி' என்று குறிப்புப் போட்டேன். அந்த ஒரு குறிப்புக்கு நான் அரை மணித்தியாலம் செலவழித்திருப்பேன்.

சில மாதங்கள் கழித்து விசா வந்தது. அந்தப் பத்துப் பக்கத்தால்தான் கிடைத்தது என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. பனங்கட்டிக் குட்டான் ஒன்று கொண்டுவந்து தந்துவிட்டுப் போனா.

பக்கங்களைத் தேர்ந்த அன்றைக்குப் புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி வீட்டுக்குப் போகும்போது என் போனைத் திறந்து பார்த்தேன். என்னிடம் ஒருவர் பத்துப் பக்கம் கேட்டால் எதைக் கொடுப்பேன்? என் கணவர் கவிதை அனுப்புகிறவர் இல்லை. 'தேங்காய் 1, கறிவேப்பிலை.' 'மகனுக்கு ரியூஷன் 5.30, நான் கூட்டிக்கொண்டு போறன்.' 'இஞ்சை இருட்டிக்கொண்டு வருது, குடை கொண்டு போனீரோ?' வருடக்கணக்கில் இதுதான். எத்தனையோ தரம் பதில் போடாமல் விட்டிருக்கிறேன், குடை கையில் இருக்கிறதுதானே என்று. கொள்ளுப்பிட்டி வரும்வரை நின்றுகொண்டே வாசித்தேன்.

அப்பாவோடு எனக்கு ஒரு பக்கம்கூட இல்லை. அவர் போனில் எழுதமாட்டார். வாசலில்தான் கேட்பார். நான் செருப்பைக் கழற்றும்போது தினமும் ஒரே கேள்வி. "பஸ்ஸிலை இடம் கிடைச்சுதோ?" நான் "ம்" என்றுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அந்தக் கேள்வி முதலில் அம்மாவுடையது. அப்பா கோட்டையில் ஓர் அலுவலகத்தில் இலிகிதராக 31 வருடம் வேலை பார்த்தவர். அதே 100ஆம் இலக்க பஸ். அம்மா அவருக்குத் தேத்தண்ணி வைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து கேட்பா, இடம் கிடைச்சுதோ என்று. 1996 ஜனவரி 31, மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாள், எனக்குப் பன்னிரண்டு வயது. காலையிலிருந்து தகவல் இல்லை. தொலைபேசி எடுபடவில்லை. அம்மா அன்று முழுக்க ஒழுங்கை முகப்பைப் பார்த்துக்கொண்டு நின்றா. பின்னேரம் நாலு மணிக்கு மேல் அப்பா வந்தார். தலைமயிரெல்லாம் வெள்ளைத் தூசி, சேட்டில் ஒரு கை கிழிந்திருந்தது, ஒரு காது கேட்கவில்லை. கோட்டையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர். வழியில் அடையாள அட்டையை எத்தனை இடத்தில் நீட்டினாரோ, அதை அவர் இன்றுவரை சொல்லவில்லை. அம்மா அவரைப் பார்த்தா. அழவில்லை, ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவும் இல்லை.

"பஸ்ஸிலை இடம் கிடைச்சுதோ?"

"இல்லை. நடந்து வந்தனான்."

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

சோறு போட்டா. அவர் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் நின்றா. எனக்கு அன்று அது விளங்கவில்லை. இவ்வளவு நடந்திருக்கிறது, அம்மா பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறாவே என்றிருந்தது.

அம்மா போனது 2015இல். அந்தியேட்டி எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அடுப்படியிலிருந்து வந்த கேள்வி வாசலிலிருந்து வந்தது. அப்பா கேட்டார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. எட்டு வருடம் கழித்து, யாரோ ஒரு பிள்ளையின் போனில் கதவைப் பற்றி வாசித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

அன்று மாலை அவர் வழக்கம்போலக் கதிரையில் இருந்தார். பத்திரிகை மடியில்.

"பஸ்ஸிலை இடம் கிடைச்சுதோ?"

பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன்.

"கிடைச்சதப்பா. கொள்ளுப்பிட்டியிலை ஒரு மனுசி இறங்கினவா. யன்னல் பக்கம்."

பத்திரிகையை மடித்தார். "எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"கொள்ளுப்பிட்டியிலை இருந்து என்ன பிரயோசனம், காலிமுகத்திடல் தாண்டியாச்சே" என்றார். "நாளைக்கு வெளியிலை நிண்டு பஸ்ஸை மறிக்காதை. பஸ் நிலையத்துக்குள்ளை போய் ஏறு. சாரதிக்குப் பின்னாலை மூண்டாவது சீற். கடல் காத்து நேரை முகத்திலை அடிக்கும்."