ஈம் கிராமத்தில் எல்லாம் இருக்கிறது, பஸ்ஸைத் தவிர

முதலில் டாக்சிக்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கினேன். டோட்லி சுரங்கத்தின் இருட்டை விட்டு வெளியே வந்ததும் ஸ்டேஷன், சுற்றிலும் காடு. டாக்சி எதுவும் நிற்கவில்லை. போனில் 12 பவுண்ட் என்று பேசியவர், ஈம் கிராமத்தில் இறக்கிவிட்டு 20 கேட்டார். ஏன் என்றால், என்னை ஏற்றிக்கொள்ள பேக்வெல் என்ற ஊரிலிருந்து வந்த தூரத்துக்கும் சேர்த்தாம். போனில் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? ஐந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அதுவே மதியச் சாப்பாட்டுக்காக வைத்திருந்த பணம்.

சரி, ஊருக்கு வருவோம். டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது ஈம். மக்கள்தொகை ஆயிரத்துக்கும் கீழே. ஆனாலும் தொடக்கப் பள்ளி உண்டு, கடை உண்டு, பப் உண்டு, தேவாலயம் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. பொதுக் கழிப்பறையும் உண்டு, அதுவும் சுத்தமாக! பெரிய நகரங்களிலேயே கழிப்பறை தேடி காபிக் கடைக்குள் நுழைந்து வேண்டாத காபி வாங்கிய எனக்கு, இது ஒன்றே ஊரின்மேல் மரியாதையை வரவழைத்தது. தெருவோரம் பழைய கல் தொட்டிகள் கிடக்கின்றன. 1588-லேயே ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து இந்தத் தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். பொதுக் குடிநீர் வசதியை முதலில் செய்துகொண்ட ஆங்கிலக் கிராமங்களில் ஒன்று என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமைப்படுகிறார்கள். நியாயமான பெருமைதான்.

ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது வேறு காரணத்தால். 1665-ல் லண்டனிலிருந்து ஒரு தையல்காரர் வீட்டுக்குத் துணி வந்தது. ஈரத்தோடு வந்த துணியை அடுப்புப் பக்கம் காயப் போட்டபோது, அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளால் பிளேக் பரவியது என்கிறார்கள். மறு வருடம் கோடையில் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் பேசி ஊரை ஒத்துக்கொள்ள வைத்தார்கள்: யாரும் வெளியே போகக் கூடாது, சுற்று ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோகக் கூடாது. எல்லைக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போடுவார்கள், வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். சுமார் 260 பேர் செத்துப்போனார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அதில் ஒருவர், அவர் கல்லறை தேவாலய வளாகத்தில் இருக்கிறது. யார் யார் இறந்தார்கள் என்ற பலகை வைத்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. சன்னலுக்குள் எட்டிப் பார்த்துப் படமெடுக்கும் சுற்றுலாக்காரர்களைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. கொரோனாவில் கதவடைத்துக் கிடந்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அருங்காட்சியகம் சின்னது, தவறவிடக் கூடாதது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துப் போங்கள்.

அப்புறம் சாப்பாடு! இங்கிலாந்துச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்று சொல்கிறவர்களைக் கையைப் பிடித்து இங்கே கூட்டி வர வேண்டும். கிராமத்துப் பப்களில் மதியச் சமையலறையை இரண்டு, இரண்டரைக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு சிப்ஸ் பாக்கெட்தான். ஒன்றேகால் மணிக்கு உள்ளே போய்விட்டேன். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள், கவுண்டருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். சிக்கன் பை (மாவு மேலோட்டுக்குள் கோழிக்கறி), பக்கத்தில் மசித்த பச்சைப் பட்டாணி, தடித்தடியாக வறுத்த உருளைக்கிழங்கு, ஒரு குவளை நிறைய கிரேவி. மேலோட்டை உடைத்ததும் ஆவியோடு லீக்ஸ் என்ற வெங்காய வகையின் வாசனை வந்தது. கிரேவியை மேலேயே ஊற்றிவிட்டேன். மிளகாய்ப் பொடியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. 16 பவுண்ட் கொஞ்சம் கனம்தான், ஆனால் ராத்திரிவரை பசிக்கவில்லை. டாக்சிக்குக் கொடுத்த 20-ஐ நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

திரும்பும்போது பஸ். இங்கிலாந்தில் 2025 ஜனவரியிலிருந்து ஒருவழிக் கட்டணத்துக்கு 3 பவுண்ட் உச்சவரம்பு இருக்கிறது, அதை நம்பித்தான் திட்டமே போட்டிருந்தேன். பஸ் வரவில்லை. தாமதமில்லை, வரவே இல்லை. நிறுத்தத்தில் அறிவிப்பு இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. பக்கத்தில் மருந்து வாங்கப் போகக் காத்திருந்த பாட்டி, "இது அடிக்கடி நடக்கிறது, கண்ணு" என்கிற தொனியில் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். எனக்கு ஒரு மாலைதான் கெட்டது. கார் ஓட்ட முடியாத வயதில் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு? பள்ளியும் கடையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பஸ் வராத ஊரில் முதியவர்கள் எப்படிக் காலம் தள்ளுவார்கள்? இதை யாராவது அந்த பஸ் கம்பெனியிடம் உரக்கக் கேட்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். காசு மிச்சம், காட்சி இலவசம். இங்கே தனியார் வயல் நடுவிலும் பொதுப் பாதை உண்டு, சட்டப்படி யாரும் நடக்கலாம், விவசாயி தடுக்க முடியாது. மஞ்சள் அம்புக்குறியைப் பின்தொடர்ந்தால் போதும். வழியில் வயலுக்குள் வட்டமான கல் சுவருக்குள் ரைலி கல்லறைகள். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் பிளேக்கில் இறந்த கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எட்டே நாளில் தன் கையால் புதைத்த இடம். அங்கே ரொம்ப நேரம் நின்றேன்.

போகிறவர்களுக்கு: நல்ல ஷூ, மழைக் கோட்டு, கொஞ்சம் சில்லறை. டாக்சி பேசினால் மொத்தத் தொகையை எழுத்தில் மெசேஜாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அன்று, பிளேக் காலத்தில் திறந்தவெளியில் ஆராதனை நடந்த கக்லெட் டெல்ஃப் பள்ளத்தில் நினைவு வழிபாடு நடத்துகிறார்கள். அதற்கு மறுபடி போகப் போகிறேன், ஸ்டேஷனிலிருந்து நடந்தே.