காணியும் பொலிசும்

அவுஸ்திரேலியப் பிரசாவுரிமைப் பரீட்சைக்குப் படிக்கத் தரும் புத்தகத்தில், மாநில அரசுகளின் பொறுப்புகள் என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வீதி, ரயில், பொலிஸ், அம்புலன்ஸ். பாடமாக்குவதற்காக அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பொலிசோ? மாநிலத்தின்ர கையிலயோ? திருப்பி வாசி பிள்ளை."

திருப்பி வாசித்தேன். "அப்ப காணி?" என்றார்.

இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு சொல்லையும் விளக்கத் தேவையில்லை. 1987 இல் மாகாண சபைகளை உண்டாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் வந்த நாளிலிருந்து, காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டும் மாகாணங்களுக்கு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் கொழும்பு ஒருநாளும் கையை விட்டுக் கொடுத்ததில்லை. எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை தலைவர்கள், எத்தனை சாவு. இங்கே அது ஒரு பட்டியலில், அம்புலன்ஸுக்குப் பக்கத்தில், யாரும் நின்று பார்க்காத ஒரு வரியாகக் கிடக்கிறது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பரீட்சை பெரிய கஷ்டமில்லை. 20 கேள்வி, 15 சரியாக வேண்டும், அதற்குள் விழுமியங்கள் பற்றிய ஐந்தும் கட்டாயம் சரியாக இருக்க வேண்டும். 60 வயது தாண்டியவர்களுக்குப் பரீட்சையே இல்லை. அதனால் அப்பாவுக்கு இதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை அதிகம் படித்தவர் அவர்தான். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், வேலை செய்த மனுஷன். கொழும்பிலிருந்து வரும் சுற்றுநிருபத்துக்காகக் காத்திருந்து காத்திருந்தே அவருடைய உத்தியோக காலம் போனது. சம்பள உயர்வுக்கே சிங்களப் பரீட்சை எழுத வேண்டியிருந்த தலைமுறை அது. ஆட்சி எப்படி நடக்கிறது என்று வாசிப்பது அவருக்குப் பாடமில்லை, பசி.

காணிக் கேள்விக்கு நான் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டிப் பதில் சொன்னேன். மெல்பேர்ணில் இந்த வீட்டை வாங்கியபோது முத்திரை வரி கட்டியது விக்ரோறியா மாநில அரசுக்கு. உறுதி பதிவாகி இருப்பது மாநிலத்தின் பதிவேட்டில். அந்தப் பதிவு முறையே 1858 இல் தென் அவுஸ்திரேலியாவில் தொடங்கியது, அதாவது மத்திய அரசு என்று ஒன்று பிறப்பதற்கு 43 வருஷம் முந்தி. 1901 இல் ஆறு குடியேற்ற நாடுகள் சேர்ந்துதான் கொமன்வெல்த் என்கிற மத்திய அரசை உண்டாக்கின. மாநிலங்கள் தங்களிடம் இருந்ததில் கொஞ்சத்தை மேலே கொடுத்தன. எங்களுக்கோ மேலே இருந்துதான் ஏதாவது சொட்ட வேண்டும்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பெரியம்மாவின் காணிக்குப் போய்விட்டார். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. 1990 இல் சண்டைக்குள் உடுத்த உடுப்போடு விட்டுவிட்டு வந்த இடம். வேலியோரம் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம், கிணற்றடி, மழைக்குச் சிவந்துபோகும் மண். அந்தக் காணி இன்னும் இராணுவ வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. 2013 இல் வடக்கு மாகாண சபை வந்தபோது, உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பெரியம்மா ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார். சபையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இங்கே வந்து ஊன்றிவிட்டோம் என்றுதான் நானும் எல்லோரிடமும் சொல்வேன். பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் ஓவல் பந்துதான். தேர்தல் நாளில் பள்ளிக்கூட வாசலில் சொசேஜ் சுடும் வாசத்தை எனக்கும் பிடிக்கும். வாக்குச்சாவடிக்கு முன்னால் வெங்காயம் வதக்கிக் கொடுக்கும் ஊர் நல்ல ஊராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பக்கமும் ஊருக்குத்தான் இழுத்துக்கொண்டு போனது. பாராளுமன்றத்தின் மேல்சபையான செனற்றில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 12 பேர். 80 இலட்சத்துக்கு மேல் சனம் உள்ள நியூ சவுத் வேல்ஸுக்கும் 12, ஆறு இலட்சம்கூட இல்லாத தஸ்மேனியாவுக்கும் 12. தொகை குறைந்தவனின் குரல் அமுங்கிவிடாமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடு. "எங்களிட்டையும் ஒரு செனற் இருந்தது, எழுபத்தொண்டில எடுத்துப்போட்டாங்கள்" என்றார் அப்பா.

புத்தகத்துக்கு வெளியே தேடியபோது கிடைத்தது ஒன்று. 1933 இல் மேற்கு அவுஸ்திரேலியா பிரிந்து போவதற்கு வாக்கெடுப்பே நடத்தியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பேர் ஓம் என்றார்கள். இலண்டனுக்குத் தூது போனார்கள். 1935 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அந்த மனுவை ஏற்க மறுத்தது. அவ்வளவுதான். கேட்டதற்காக ஒருவரும் சிறைக்குப் போகவில்லை, ஒரு வீடும் எரியவில்லை. மேற்கு அவுஸ்திரேலியா இன்றைக்கும் இந்த நாட்டோடுதான் இருக்கிறது. எங்கள் நாட்டில் 1983 இல் ஆறாவது திருத்தம் கொண்டுவந்து, பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்ய மறுத்தவர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். அதற்கு முந்திய மாதம்தான் தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரம். தமிழ்த் தலைவர் செல்வநாயகம் 1949 இல் கட்சி தொடங்கிக் கேட்டது பிரிவினைகூட இல்லை, சமஷ்டிதான். இந்த மாநிலங்கள் அனுபவிக்கிற அதே ஒழுங்கு. அதைக் கொடுத்திருந்தால் இந்தப் புத்தகத்தை நான் படிக்க வேண்டியே வந்திராது.

பரீட்சை பாஸ். நானும் அப்பாவும் ஒரே விழாவில் உறுதிமொழி எடுத்தோம். அவர் முதல் வேலையாக அடுத்த மாநிலத் தேர்தல் எப்போது என்று கேட்டார். விக்ரோறியாவில் நாலு வருஷத்துக்கு ஒருக்கா, நவம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை என்று சட்டமே சொல்கிறது. 2026 நவம்பர் 28. கலண்டர் வாங்க முந்தியே திகதி தெரியும்.

அந்தச் சந்தோசத்தை அன்று பின்னேரமே ஊரில் இருக்கிற சித்தப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று 2017 இல் சட்டத்தைத் திருத்தி, தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை அடுத்த வருஷம் பாராளுமன்றத்தில் தோற்கடித்து, பழைய முறையும் இல்லாமல் புதிய முறையும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். சனாதிபதி நியமித்த ஆளுநர்தான் நடத்துகிறார். சித்தப்பா முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சந்தோசம் அண்ணை. நீங்கள் அங்க ரெண்டு தரம் போடுறதுக்குள்ள எங்களுக்கு ஒருக்காவெண்டாலும் வைப்பாங்களோ எண்டு பாப்பம்."