கியர் பாக்ஸை இறக்கிவிட்டு கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றாதீர்கள்

சில்க் போர்டு, டின் ஃபேக்டரி பக்கம் தினமும் ஊர்ந்து போகிற வண்டிகளில் கிளட்ச் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் ஹாஃப் கிளட்ச்தான். பெடலைப் பாதி அழுத்தி வண்டியை நகர்த்தும்போது கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு உரசிக்கொண்டே இருக்கிறது. அந்த உரசலில் சூடேறி லைனிங் தேய்கிறது. பெங்களூரில் கிளட்ச் பெடல் உள்ள கார் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கும் என்றாவது வரும் செலவு இது. அதை ஒரே தடவையில் ஒழுங்காக முடிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

கியர் பாக்ஸை இறக்கும் முன் கிளட்ச்தான் கோளாறா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான்காவது கியரில் மேம்பாலம் ஏறும்போது ஆர்பிஎம் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கலாம். இவை இரண்டும் கியர் பாக்ஸைத் தொடாமலே தீரும். பெடலை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தான் காரணம். நியூட்ரலில் பெடலை விட்டிருக்கையில் கேட்டு, அழுத்தினால் நின்றுபோகும் சத்தம் பெரும்பாலும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் செருகியிருக்கும் தண்டு) பேரிங். அதற்குக் கிளட்ச் மாற்றிப் பயனில்லை.

உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கிளட்ச் செட் வாங்கப் போகும்போது சேசிஸ் நம்பரையும் பழைய பார்ட் நம்பரையும் கொண்டு போங்கள். ஒரே மாடலின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பிளேட் அளவு மாறும். பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே செட்டாக வாங்குங்கள். கூடவே இன்புட் ஷாஃப்ட் சீல், இரண்டு ஆக்சில் சீல், கிராங்கின் (இன்ஜினின் முதன்மைத் தண்டு) பின் சீல், கியர் ஆயில். பேரிங்கோடு சேர்ந்த ஸ்லேவ் சிலிண்டர் (பேரிங்கைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர்) பெல் ஹவுசிங்குக்கு, அதாவது கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்கு, உள்ளேயே இருக்கும் வண்டியில் அதையும் மாற்றுங்கள். இவற்றின் விலையை விட இறக்கி ஏற்றும் கூலிதான் வலிக்கும்.

முன்சக்கரம் இழுக்கும் சாதாரண காரைத்தான் இங்கே சொல்கிறேன். சமதரையில், இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. பேட்டரி நெகட்டிவ், ஏர் ஃபில்டர் பெட்டி, கியர் கேபிள்கள், ஸ்டார்டர் மோட்டார் எல்லாம் வரிசையாகக் கழலும். ஆயிலை வடிக்கும் முன் ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிப்போயிருந்தால் பிறகு நிரப்ப வழியில்லை. லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டை விடுவித்து ஆக்சிலை லிவரால் நெம்பும்போது சீலின் உதட்டில் லிவர் படக்கூடாது. வெளியே வந்த ஆக்சிலைத் தொங்கவிட்டால் உள் ஜாயிண்ட் பிரிந்துவிடும். கம்பியால் கட்டி வையுங்கள்.

மவுண்டிங்கைக் கழற்றும் முன் இன்ஜின் சம்புக்கு (ஆயில் தொட்டி) அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். பெல் ஹவுசிங் போல்ட்டுகள் ஒரே நீளமில்லை. ஓர் அட்டையில் அதே வடிவில் ஓட்டை போட்டுச் செருகி வைத்தால் குழப்பம் வராது. சிறிய காரின் கியர் பாக்ஸே நல்ல கனம் இருக்கும். அதன் எடை இன்புட் ஷாஃப்டில் தொங்காதபடி ஜாக்கியில் தாங்கி, இன்ஜினை விட்டு நேராக இழுத்து இறக்குங்கள்.

இறக்கியபின் அவசரப்படக் கூடாது. ஃப்ளைவீலில் நீலத் திட்டு, மயிரிழை விரிசல், நகம் தட்டும் பள்ளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். லேசானதை லேத்தில் முகம் சீவிச் சமமாக்கலாம், ஆழமான விரிசலுக்கு மாற்றுவதுதான் வழி. பல டீசல்களில் இருக்கும் டூயல் மாஸ் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பகுதியாகச் செய்த) ஃப்ளைவீலை லேத்தில் ஏற்றக் கூடாது. பெல் ஹவுசிங்குக்குள் ஆயில் ஈரம் தெரிந்தால் எந்த சீல் கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் புதிய பிளேட்டைத் தொடாதீர்கள். லைனிங்கில் ஆயில் பட்டால் கிளட்ச் விடும்போதெல்லாம் வண்டி உதறும்.

புதிய பிரஷர் பிளேட்டின் துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். பிளேட்டைப் பூட்டும் முன்பே இன்புட் ஷாஃப்டில் செருகி வழுக்கிப் போகிறதா பாருங்கள், தவறான பிளேட் வாங்கியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். ஷாஃப்டின் பல்வரிசையான ஸ்பிளைனில் ஹீட் தாங்கும் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். மிஞ்சியது சுழலும்போது தெறித்து லைனிங்கில் போய் ஒட்டும். எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது பிளேட்டிலேயே எழுதியிருக்கும். பொதுவாக ஸ்பிரிங் புடைத்த பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்கும். திருப்பிப் போட்டால் கிளட்ச் விடாது, மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அலைன்மென்ட் கம்பியால் நடுவில் நிறுத்தி, எதிரெதிர் போல்ட்டுகளாகச் சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள். 8 மி.மீ. போல்ட்டுகளுக்கு வழக்கமாக 20–25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. இறுக்கி முடித்ததும் கம்பி கையால் இழுத்தாலே வர வேண்டும்.

கியர் பாக்ஸைத் திரும்ப ஏற்றுவதில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும்படி ஜாக்கியைத் திருத்துங்கள். கடைசி சில மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள், ஸ்பிளைன் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சரியான இடத்தில் பொருத்தும் டவல் பின்கள் உட்கார்ந்து இரண்டு முகமும் கையால் தள்ளியே ஒட்டும்வரை போல்ட்டை இறுக்கக் கூடாது. போல்ட்டால் இழுத்தால் அலுமினியக் காது உடையும், இல்லையென்றால் பிளேட்டின் ஹப் வளையும். ஹப் வளைந்த வண்டியில் முதல் ஸ்டார்ட்டிலேயே கியர் கரகரக்கும்.

கியர் ஆயிலை வண்டி சமமாக நிற்கும்போது, ஊற்றும் துளையில் வழியத் தொடங்கும்வரை ஊற்றுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் மூடியில் குறித்திருக்கும் ஃப்ளூயிடையே போட்டு லைனில் உள்ள ஏரை வெளியேற்றுங்கள். ஆக்சில் நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள்.

ஒரு வாரம் ஓட்டியபின் பெல் ஹவுசிங்கின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் விரலில் தொட்டு முகருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் இன்புட் ஷாஃப்ட் சீல், கறுத்த இன்ஜின் ஆயில் என்றால் கிராங்க் சீல்.